அமெரிக்காவில் ரிசப்ஷனா? பதில் அட்டையில் சாப்பாட்டுத் தேர்வை இப்படிக் கேளுங்கள்

ஊரில் கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கு சுலபம். 500 பத்திரிகை அடித்தோம், வீட்டுக்கு இத்தனை தலை என்று ஒரு உத்தேசம் போட்டு சமையல்காரரிடம் 800 இலை என்று சொன்னால் அவர் தன் அனுபவத்தில் 900 பேருக்கு அரிசி களைந்துவிடுவார், கடைசிப் பந்தியில் கூட்டம் கூடினால் ரசம் கொஞ்சம் நீர்க்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஓட்டல் பால்ரூமிலோ பாங்க்வெட் ஹாலிலோ எல்லோரையும் மேஜையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு தட்டாகக் கொண்டுவந்து வைக்கிற டின்னருக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு தட்டுக்கும் தனி பில். மொத்தம் எத்தனை பேர், அதில் சிக்கன் எத்தனை, மீன் எத்தனை, வெஜ் எத்தனை, அதிலும் எந்தத் தட்டு எந்த மேஜைக்கு என்று கேட்டரர் முன்கூட்டியே கேட்பார். அதனால்தான் அங்கே பத்திரிகை உறைக்குள்ளேயே ஒரு சின்னப் பதில் அட்டையையும், ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு சின்ன உறையையும் வைத்து அனுப்புகிறார்கள்.

பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அமெரிக்காவில் கல்யாணம் நிச்சயமாகி, இதையெல்லாம் முதல்முறையாகப் பார்க்கிற பெற்றோருக்காகவும், எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்கிற ஜோடிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். அட்டையில் என்ன எழுதுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம், கையில் மூன்று தட்டோடு 14-ஆம் நம்பர் மேஜைக்கு வந்து நிற்கிற சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் யாருக்கு என்று அவருக்கு யாரையும் கேட்காமலே தெரிய வேண்டும். அதற்கு உதவாத எதுவும் அட்டையில் வேண்டாம்.

முதலில், இந்தக் கேள்வி உங்களுக்குத் தேவையா?

பஃபே என்றால் தேவையே இல்லை. நீளமான மேஜையில் பாத்திரங்களை வைத்துவிட்டு அவரவர் எடுத்துக்கொள்வதற்கு யாருக்கு எது என்று கேட்பானேன்? தோசைக்கு ஒரு இடம், சாட்டுக்கு ஒரு இடம் என்று ஸ்டேஷன் வைத்தாலும் அதே கதைதான். மேஜைக்கு மேஜை பெரிய பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்து, பகிர்ந்து சாப்பிடச் சொல்கிற ஃபேமிலி ஸ்டைலுக்கும் ஆளுக்கு ஆள் தேர்வு வேண்டாம். எந்த மேஜையில் எத்தனை சைவக்காரர்கள் என்று தெரிந்தால் போதும். இந்த மூன்றில் எதுவானாலும் எத்தனை பேர் வருகிறார்கள், யாருக்காவது உணவு ஒவ்வாமை உண்டா என்ற இரண்டோடு (ஃபேமிலி ஸ்டைல் என்றால் யார் யார் சைவம் என்பதையும் சேர்த்து) நிறுத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் நம்மவர்கள் நடத்தும் ரிசப்ஷன்களில் நிறைய பஃபேதான். ஹால்காரர்கள் வெளி கேட்டரரை அனுமதித்தால் இந்தியச் சாப்பாட்டை வெளியிலிருந்து வரவழைத்துவிடலாம், பிரச்சினை தீர்ந்தது. ஓட்டலின் சொந்தச் சமையலறைதான் என்று கட்டாயமானாலோ, மாப்பிள்ளை வீடோ பெண் வீடோ அமெரிக்கக் குடும்பமாகி உட்கார்ந்து சாப்பிடும் டின்னர்தான் வேண்டும் என்று முடிவானாலோ மேலே படியுங்கள்.

இன்னொன்று. காலையில் கோவிலில் முகூர்த்தமும் இலைச் சாப்பாடும், மாலையில் ஓட்டலில் ரிசப்ஷனும் என்றால் ஒரே அட்டையில் இரண்டுக்கும் தனித்தனியாக வருகையைக் கேட்டுவிடுங்கள். காலைக்கு மட்டும் வருகிறவர்கள், மாலைக்கு மட்டும் வருகிறவர்கள் என்று இரண்டு வகையும் இருப்பார்கள். சாப்பாட்டுத் தேர்வு மாலைக்கு மட்டும்தான் என்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி, மாலை நிகழ்ச்சிக்கு நேர் கீழே அதை வையுங்கள். இல்லாவிட்டால் கோவில் சாப்பாட்டுக்கு யாராவது சிக்கனை டிக் பண்ணி அனுப்புவார்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டரரிடம் பேசிவிடுங்கள்

இங்கே வரிசை முக்கியம். மெனு முடிவாகாமல் அட்டை அச்சுக்குப் போகக் கூடாது. அட்டையில் மீன் என்று போட்டுவிட்டு, பிறகு அந்த மீன் கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் 200 அட்டையையும் திரும்ப அடிக்க வேண்டும்.

பிரதான தட்டில் எத்தனை தேர்வு தரலாம் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டோ மூன்றோதான் வழக்கம். ஒன்றுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு, மூன்றில் எது விலை அதிகமோ அந்த விலையையே எல்லாத் தட்டுக்கும் போடுகிற இடங்களும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் எது என்று எழுத்தில் வாங்குங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். சர்வீஸ் சார்ஜ் மட்டுமே 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம், ஆகவே தட்டு விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போட வேண்டாம்.

அடுத்தது, கடைசி எண்ணிக்கையை என்றைக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தபிறகு கூட்டவோ குறைக்கவோ முடியுமா? (கூட்டினால் பெரும்பாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். குறைத்தால் பணம் திரும்பாது.) குழந்தைச் சாப்பாடு எத்தனை வயதுவரை, என்ன விலை? போட்டோகிராஃபர், வீடியோக்காரர், டிஜே இவர்களுக்கு விலை குறைந்த வெண்டர் மீல் உண்டா? யாருக்கு எந்தத் தட்டு என்பதை மேஜையில் எப்படிக் குறித்துத் தரச் சொல்கிறார்கள்? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை. அட்டை வடிவமே அதை வைத்துத்தான் அமையும் என்பதால் நான் அதை முதலிலேயே கேட்கச் சொல்வேன்.

தேர்வே இல்லாமல் செய்யவும் ஒரு வழி இருக்கிறது. பாதி சிக்கன், பாதி மீன் என்று ஒரே தட்டில் சின்னச் சின்னதாக வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பார்கள். டூயட் பிளேட் என்பார்கள். அப்போது சைவமா அசைவமா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும். விருந்தினரில் பாதிக்கு மேல் நம் சொந்தங்கள் என்றால் இது நல்ல யோசனை என்பது என் அபிப்பிராயம். விலையை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்தத் தட்டு?

அமெரிக்க மெனுவில் சாதாரணமாக மாட்டிறைச்சி, சிக்கன் அல்லது மீன், வெஜ் என்று இருக்கும். மாட்டிறைச்சி வேண்டுமா என்பதை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள். போட்டே ஆக வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை. சிக்கன், மீன், வெஜ் என்று மூன்று வைத்தால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. முஸ்லிம் விருந்தினர்கள் இருந்தால் சிக்கன் ஹலாலா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர்களில் பலர் மீனையோ வெஜ்ஜையோ கேட்பார்கள், அந்த எண்ணிக்கை கூடும்.

வெஜ் தட்டுக்கு வருவோம், நம் வீட்டுக் கல்யாணங்களில் சிக்கலே இங்கேதான். வெஜ் கேட்பவர்கள் குறைவாக இருப்பார்கள் என்ற எண்ணத்தில் கேட்டரர் ஏதோ ஒரு பெரிய காளானைச் சுட்டு, நடுவில் கொஞ்சம் கீரையை அடைத்துத் தட்டில் வைத்துவிடுவார். உங்கள் பக்கத்தில் நூறு பேர் சைவம் என்றால் நூறு பேரும் அந்த ஒற்றைக் காளானைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே எங்கள் விருந்தினரில் ஏறக்குறைய இத்தனை பங்கு சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வயிறு நிறைகிற ஒரு பதார்த்தமாகக் கேளுங்கள், டேஸ்டிங்குக்குப் போகும்போது சிக்கனைவிட அதிகக் கவனத்தோடு வெஜ் தட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது. மேலே இறைச்சித் துண்டு இல்லையென்றால் போதும், வெஜ் என்று எழுதிவிடுகிற சமையலறைகள் இருக்கின்றன. ரிசோட்டோ என்கிற இத்தாலிய அரிசிப் பதார்த்தத்தைச் சிக்கன் வேகவைத்த நீரில் கிண்டுவது அங்கே சர்வசாதாரணம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மாதிரி ஒரு சின்ன மீன் சேரும், உஸ்டர்ஷயர் சாஸிலும் அப்படித்தான். இத்தாலியப் பார்மஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் உண்டு. பன்னகோட்டா மாதிரியான இனிப்பு ஜெலட்டினால்தான் நிற்கும், ஜெலட்டின் விலங்குகளின் தோல் எலும்பிலிருந்து வருவது. மேல் மாவு பளபளக்க முட்டை தடவுவார்கள், ஃபிரெஷ் பாஸ்தா மாவிலேயே முட்டை உண்டு. முட்டைகூடத் தொடாத பாட்டி ஒருவர் வருகிறார் என்றால் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத்தான் வேண்டும். "இறைச்சி, மீன், அவற்றை வேகவைத்த நீர், முட்டை, ஜெலட்டின் எதுவும் இருக்கக் கூடாது, பாலும் நெய்யும் தயிரும் பரவாயில்லை" என்று ஒரே வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதி ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது சேல்ஸ் மேனேஜரிடமே நின்றுவிடும், எழுதியது சமையலறைவரை போகும். சாலட்டும் இனிப்பும்கூட இதில் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். பிரதான தட்டைச் சரிபண்ணிவிட்டு சாலட்டில் கோட்டைவிடுவதுதான் அதிகம்.

பால் பொருள்கூடத் தொடாத வீகன் விருந்தினர்கள் வந்தால் அவர்களுக்கு நெய்யும் ஆகாது. வெங்காயம், பூண்டு, கிழங்கு சாப்பிடாத ஜைன நண்பர்கள் இருக்கலாம். இவர்களுக்கெல்லாம் அட்டையில் தனித்தனிக் கட்டம் போட்டால் அட்டை ஓட்டல் மெனுவாகிவிடும். கீழே ஒரு காலி வரி போதும், அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

அட்டையில் எழுதும் முறை

கடைகளில் கிடைக்கும் ரெடிமேட் மாதிரிகளில் இப்படி இருக்கும்: ஒரு கோடு, அதில் பெயர் எழுத வேண்டும். வருகிறோம், வரவில்லை என்று இரண்டு கட்டம். கீழே சிக்கன், மீன், வெஜ் என்று மூன்று கட்டம். பார்க்க அழகுதான். ஒரு கணவன் மனைவி இதில் சிக்கனுக்கு ஒரு டிக், மீனுக்கு ஒரு டிக் போட்டு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். சிக்கன் ஒன்று, மீன் ஒன்று, எண்ணிக்கை சரி. ஆனால் சிக்கன் அவருக்கா அந்த அம்மாவுக்கா? எண்ணிக்கையை வைத்துக்கொண்டு சமைத்துவிடலாம், பரிமாற முடியாது.

இதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் வழி, கட்டத்தில் டிக் போடாமல் அவரவர் இனிஷியலைப் போடச் சொல்வது. ஜான் ஸ்மித்தும் மேரி ஸ்மித்தும் என்றால் ஜே.எஸ்., எம்.எஸ். என்று போடுவார்கள், வேலை முடிந்தது. நம் ஆட்களிடம் இது எடுபடாது. நமக்கு இனிஷியல் என்றால் பெயருக்கு முன்னால் வரும் அப்பாவின் எழுத்து, கல்யாணமான பெண்களில் பலருக்குக் கணவரின் எழுத்து. ராமசாமி வீட்டு அட்டையில் மனைவி, மகன், மகள் மூன்று பேருமே ஆர் என்று போட்டுத் திருப்பி அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே பெயர்களை நீங்களே அட்டையில் போட்டுவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. உறையில் யார் யார் பெயரை எழுதினீர்களோ அதே பெயர்கள், அதே எண்ணிக்கை. டிஜிட்டல் பிரிண்ட் செய்பவர்களிடம் பட்டியல் கொடுத்தால் அட்டைக்கு அட்டை பெயர் மாற்றி அடித்துத் தருவார்கள், இல்லாவிட்டால் காலி வரிகளாக அடித்து வீட்டில் யாராவது நல்ல கையெழுத்துக்காரரை உட்காரவைத்து எழுதவிடலாம். ஆங்கிலத்தில் அடிக்கப் போகும் அட்டையின் உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

செப்டம்பர் 12-க்குள் பதில் அனுப்ப வேண்டுகிறோம்
உங்களுக்காக 3 இருக்கைகள் ஒதுக்கியிருக்கிறோம்
ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

திரு. சுந்தரம்: ☐ சிக்கன் ☐ மீன் ☐ வெஜ் ☐ வர இயலவில்லை
திருமதி லலிதா: ☐ சிக்கன் ☐ மீன் ☐ வெஜ் ☐ வர இயலவில்லை
கார்த்திக்: ☐ சிக்கன் ☐ மீன் ☐ வெஜ் ☐ வர இயலவில்லை

உணவு ஒவ்வாமை அல்லது சாப்பிடாத பொருள் ஏதாவது இருந்தால்: ______

இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. மூன்று பெயர் அச்சாகியிருக்கும் அட்டையில் நாலாவதாக ஊரிலிருந்து வந்திருக்கும் மைத்துனரைச் சேர்க்க யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும். சேர்க்கிறவர்கள் சேர்க்கத்தான் செய்வார்கள், ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு முதலில் ஒரு போன் பண்ணுவார்கள். அது போதுமே.

விருந்தினர் ஒருவருக்குத் துணையையும் அழைத்துவரச் சொல்லி, அந்தத் துணையின் பெயர் உங்களுக்குத் தெரியாது என்றால் இரண்டாவது வரியில் "உடன் வருபவர் பெயர்" என்று கோடு விடுங்கள். மேஜையில் வைக்கும் சீட்டுக்கு அந்தப் பெயர் வேண்டும்.

ரெடிமேட் அட்டைகளில் பெயர் எழுதும் கோட்டின் தொடக்கத்தில் தனியாக எம் என்ற ஆங்கில எழுத்து நிற்கும். மிஸ்டர், மிஸஸ், மிஸ் எல்லாவற்றுக்கும் முதலெழுத்து அது, மீதியை விருந்தினர் எழுதிக்கொள்ள வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்துப் பெயரை எழுதிவிடுவார்கள். மணி, மீனா என்று பெயர் வைத்திருப்பவர்கள் மட்டும் தப்பிப்பார்கள். நம் அட்டைக்கு அது வேண்டாம்.

தட்டின் பெயரை எவ்வளவு விரிவாக எழுதுவது? இடமிருந்தால் சிக்கனுக்குப் பக்கத்தில் மூன்று நாலு வார்த்தை, எலுமிச்சையும் மூலிகையும் சேர்த்துச் சுட்டது என்கிற மாதிரி. மெனுவில் இருக்கும் பிரெஞ்சுப் பெயர்களை அப்படியே இறக்க வேண்டாம், எது மீன் எது கோழி என்று தெரியாமல் குத்துமதிப்பாக டிக் போடுவார்கள். அட்டையில் இடம் நெருக்கமானால் விவரத்தைக் கல்யாண வெப்சைட்டில் போட்டுக்கொள்ளலாம்.

ஒவ்வாமை வரியை எடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பாக்கெட் உணவின் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பெரிய ஒவ்வாமைப் பொருட்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023-இல் சேர்ந்தது. கேட்டரருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம், அட்டையில் நீங்கள் அச்சடிக்க வேண்டாம், காலி வரியே போதும். உங்கள் மெனுவில் குருமா, கோர்மா ஏதாவது இருந்தால் அதில் முந்திரி அரைத்திருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்டு, கொட்டை ஒவ்வாமை என்று எழுதியவருக்கு முன்னாலேயே தெரியப்படுத்த வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு அட்டையில் தனி வரி போட்டுப் பெரியவர்களின் மூன்று தேர்வைக் கொடுக்க வேண்டாம். ஆறு வயதுப் பையன் மீன் ஃபில்லேவைச் சாப்பிடப் போவதில்லை. குழந்தைகள் வரும் வீடுகளுக்கு மட்டும் "குழந்தைச் சாப்பாடு" என்ற ஒரு கட்டம் போட்ட அட்டை அனுப்புங்கள், அல்லது போனில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைத் தட்டில் பெரும்பாலும் பொரித்த சிக்கன் துண்டுகள்தான் வரும். சைவக் குழந்தைகளுக்கு மாக் அண்ட் சீஸ் (சீஸில் புரட்டிய மக்ரோனி) மாதிரி ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள்.

அளவு, ஸ்டாம்ப்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தபாலில் கடிதமாகப் போக ஒரு உறை குறைந்தது 5 அங்குல நீளமும் 3.5 அங்குல உயரமும் இருக்க வேண்டும். பதில் உறைகளில் பெரும்பாலானவை இதைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆகவே குட்டியாக அழகாக இருக்கட்டும் என்று இன்னும் வெட்டிவிடாதீர்கள். சதுர உறைக்கு இயந்திரத்தில் போகாது என்பதால் கூடுதல் கட்டணம். பதில் உறையில் உங்கள் முகவரியை அச்சடித்து ஸ்டாம்பையும் நீங்களே ஒட்டிவிட வேண்டும், அங்கே அதுதான் மரியாதை. எல்லாவற்றையும் உள்ளே வைத்த முழுப் பத்திரிகை ஒன்றைத் தபால் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் எடைபோட்ட பிறகு மற்றதற்கு ஸ்டாம்ப் வாங்குங்கள். நம் பத்திரிகைகள் தடிமனாக இருக்கும், ஒரு ஸ்டாம்ப் பற்றாமல் போகலாம்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கனடாவுக்கும் அனுப்பும் பத்திரிகையில் பதில் உறைக்கு அமெரிக்க ஸ்டாம்ப் ஒட்டிப் பயனில்லை, அங்கிருந்து திரும்பிவர அது செல்லாது. அவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளலாம், அல்லது கல்யாண வெப்சைட் இணைப்பைக் கொடுக்கலாம். தி நாட், ஸோலா மாதிரியான தளங்களில் ஆளுக்கு ஆள் சாப்பாட்டுத் தேர்வு கேட்கும் வசதி இருக்கிறது. எல்லோருக்குமே தளத்தில் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கேட்கலாம், ஸ்டாம்ப் செலவும் மிச்சம். அட்டை வைத்தாலும் அதன் மூலையில் ஒரு கியூஆர் கோடு போட்டுவிட்டால் இளசுகள் அதிலேயே முடித்துவிடுவார்கள். ஒரே வீட்டுக்காரர் தளத்திலும் பதில் போட்டு அட்டையையும் அனுப்பினால் இரண்டு முறை எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கல்யாணம் அக்டோபர் 10 என்று வைத்துக்கொள்வோம். கேட்டரர் இரண்டு வாரம் முன்னால் கடைசி எண்ணிக்கை கேட்கிறார் என்றால் செப்டம்பர் 26. அதற்கும் இரண்டு வாரம் முன்னால், செப்டம்பர் 12, உங்கள் பதில் அட்டைக் கெடு. பத்திரிகை தபாலில் சேர வேண்டியது கல்யாணத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால், அதாவது ஆகஸ்ட் 15-க்கும் 29-க்கும் இடையில். கெடுவுக்கும் கேட்டரர் தேதிக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரத்தை ஓய்வு என்று நினைக்காதீர்கள், பதில் போடாதவர்களைத் துரத்த வேண்டிய காலம் அது.

தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். 9/12 என்று போட்டால் அமெரிக்கருக்கு அது செப்டம்பர் 12, ஊரிலிருந்து வரும் சித்தப்பாவுக்கு டிசம்பர் 9.

பதில்கள் வர ஆரம்பித்ததும்

எக்செல் ஷீட் ஒன்று போடுங்கள், ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. வீட்டுக்கு ஒரு வரிசை போட்டால் பிறகு பிரிக்கும்போது தலைவலி. பெயர், எந்த வீடு, வருகிறாரா, எந்தத் தட்டு, ஒவ்வாமை, மேஜை எண், இந்த ஆறு பத்திகள் போதும். அட்டைகளை அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மூலையில் பென்சிலால் ஒரு எண் போட்டு, அதே எண்ணை ஷீட்டிலும் போட்டு வையுங்கள். அச்சடித்த பெயரில்லாத அட்டைகள் சிலவும் போயிருக்குமல்லவா, அதில் பெயர் எழுத மறந்து வெறும் டிக்கோடு திரும்பிவரும் அட்டை யாருடையது என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நம் சொந்தங்களில் பாதிப் பேர் அட்டையை அனுப்பவே மாட்டார்கள். அலட்சியமெல்லாம் இல்லை. பத்திரிகை வந்ததும் போன் பண்ணி வருகிறோம் என்று சொல்லிவிட்டோமே, அதற்குமேல் ஒரு அட்டை எதற்கு என்று நினைப்பார்கள். அழகான அட்டை என்று பத்திரமாக எடுத்துவைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆகவே போன்தான். பேசும்போது இரண்டு விஷயம்: ஆளுக்கு ஆள் கேளுங்கள், பொதுவாகக் கேட்காதீர்கள். அப்புறம், தேர்வுகளை நீங்களே சொல்லிக் கேளுங்கள்.

"அத்தை, ராத்திரி சாப்பாட்டுக்குச் சிக்கனா, மீனா, வெஜ்ஜா? ஓட்டல்ல ஆளுக்கு ஆள் கேக்கறாங்க."

"உனக்கு எது சௌகரியமோ அதை வைப்பா. எங்களுக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம்."

"அன்னிக்குச் சனிக்கிழமை, உங்களுக்கு விரதம்தானே? வெஜ்னு போட்டுக்கறேன். மாமாவுக்கு?"

"அவருக்கென்ன, மீன்தான்."

அரை நிமிடத்தில் இரண்டு வரிசை நிரம்பிவிட்டது. கிழமையை நான் சும்மா சேர்க்கவில்லை. அமெரிக்காவில் ரிசப்ஷன்கள் பெரும்பாலும் சனிக்கிழமைதான், பெருமாளுக்காகச் சனிக்கிழமை அசைவம் தொடாதவர்கள் நம்மில் நிறையப் பேர். செப்டம்பர் பின்பாதியிலோ அக்டோபர் முன்பாதியிலோ கல்யாணம் என்றால் புரட்டாசி வேறு. சாதாரணமாகச் சிக்கன் சாப்பிடுகிறவர் என்று உங்களுக்குத் தெரிந்தவரையும் கேட்காமல் சிக்கன் என்று போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு துரத்தியும் பதில் கிடைக்காதவர்களுக்கு வெஜ் தட்டு போடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர் வெஜ் தட்டைச் சாப்பிட முடியும், மாற்றிப் போட்டால் முடியாது.

மேஜைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது

இரண்டு வகைச் சீட்டு உண்டு. எஸ்கார்ட் கார்டு வாசலில் இருக்கும், உங்களுக்கு எந்த மேஜை என்று மட்டும் சொல்லும். பிளேஸ் கார்டு ஒவ்வொரு நாற்காலிக்கும் நேரே தட்டின் மேல் இருக்கும். சாப்பாட்டுக் குறி எதில் வர வேண்டும் என்று கேட்டரர் சொல்வார். எஸ்கார்ட் கார்டில் என்றால் விருந்தினர் அதைக் கையோடு மேஜைக்குக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும், நம் கூட்டத்தில் அது வாசலுக்கும் மேஜைக்கும் நடுவிலேயே காணாமல் போகும். பிளேஸ் கார்டுதான் நல்லது.

குறி எளிமையாக இருக்கட்டும்: கோழிப் படம், மீன் படம், இலைப் படம். ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியைப் போட்டால் நம் மாமாக்களுக்கு உடனே புரியும், தட்டு தூக்குகிற சர்வருக்குப் புரியாது. குறியை முடிவுபண்ணுவதற்கு முன் கேட்டரரிடம் காட்டிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவரின் சீட்டில் தனியாக ஒரு அடையாளம் போட்டு, அவர் பெயரையும் மேஜை எண்ணையும் ஈமெயிலிலும் எழுதிவிடுங்கள்.

கடைசி எண்ணிக்கை கொடுக்கும் அன்று மேஜை வாரியாக ஒரு பட்டியல் கொடுங்கள்: 14-ஆம் மேஜை, சிக்கன் 3, மீன் 2, வெஜ் 5, கொட்டை ஒவ்வாமை 1 என்கிற மாதிரி. நம் ஆட்கள் இடம் மாறி உட்காருவார்கள், அண்ணன் தம்பிகள் ஒரே மேஜைக்கு நகர்ந்துவிடுவார்கள், தடுக்க முடியாது. உறவுக்காரர்களில் சுறுசுறுப்பான ஒருவரிடம் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்து, மாறுகிறவர்கள் தங்கள் சீட்டையும் கையோடு எடுத்துப்போகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஐந்தாறு வெஜ் தட்டு சொல்லிவைக்க முடிந்தால் சொல்லிவையுங்கள். அமெரிக்க விருந்தினர்களில் சிலர் பக்கத்துத் தட்டைப் பார்த்துவிட்டு அதையே கேட்பார்கள்.

ஷீட்டை மூடுவதற்கு முன்னால் வெண்டர்களின் தட்டுகளை எண்ணியாயிற்றா என்று பாருங்கள், அவர்களிலும் சைவம் இருக்கலாம். புரோகிதர் மாலைக்கும் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பெண், மாப்பிள்ளை, இரண்டு பக்கத்து அப்பா அம்மாக்கள். யாரும் இவர்களுக்குப் பதில் அட்டை அனுப்புவதில்லை என்பதால் ஷீட்டில் இவர்கள் பெயரே பல சமயம் இருக்காது. ஆறு வரிசை சேர்த்து, அவர்களுக்கு என்ன தட்டு என்று இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.